ரொறன்ரோக் களிமண்ணில் ரியூலிப்: இலையுதிர்காலத்தில் செய்யவேண்டிய வேலை

ஒக்ரோபரில் ரியூலிப் கிழங்கு ஒரு பை வாங்கினால், அதில் ஒன்றை எடுத்து நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு கிழங்கு போகிறதே என்று யோசிக்க வேண்டாம். இந்த வேலையை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடம் வேறு இல்லை. கறிவெட்டும் கத்தியே போதும். வெங்காயத்தில் இருப்பதுபோல வெள்ளைச் செதில்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். அடியில் தட்டையாக, கெட்டியாக ஒரு வட்டு. வேர் அதிலிருந்துதான் கிளம்பும். நடுவில் வெளிறிய பச்சையில் ஒரு முளை. அதன் இலைச்சுருளை ஊசி முனையால் மெல்லப் பிரித்தால், உள்ளே ஒரு பொடிப் பூ இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எண்ணக்கூட முடியும்: ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவில் முக்கோணமாக ஒரு சூலகம்.

அடுத்த மே மாதம் உங்கள் முற்றத்தில் மலரப்போகும் பூ அதுதான். கோடையில் கிழங்கைக் கிளறி எடுத்துக் களஞ்சியத்தில் வைத்திருந்தபோதே அது உள்ளே உருவாகிவிட்டது. ஆகவே பூவை உண்டாக்குவது நம்முடைய வேலை அல்ல. கிழங்குக்கு இனித் தேவைப்படுவது மூன்று விஷயம்: உறைபனிக்கு முன் வேர் விட அவகாசம், 9 பாகை செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 கிழமை குளிர், அந்தக் காலம் முழுவதும் அழுகாமல் கிடக்க ஓர் இடம். அவகாசத்தையும் குளிரையும் இந்த நாடு தாராளமாகத் தந்துவிடும். அழுகாத இடத்தை மட்டும் நாம் உண்டாக்கிக் கொடுக்கவேண்டும்.

வசந்தத்தில் ஒன்றும் முளைக்காவிட்டால் எல்லோரும் சொல்வது, "குளிரில செத்துப்போச்சு" என்பதுதான். மண்ணைக் கிண்டிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். கிழங்கு சாம்பல் நிறக் களியாக, கெட்ட வாடையோடு கையில் வரும். அது தண்ணீரில் ஊறி அழுகிய கிழங்கு. ரியூலிப்பின் முன்னோர்கள் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. கடும் பனி, சுட்டெரிக்கும் உலர்ந்த கோடை, தண்ணீர் நில்லாத கல்மண்: அதற்குப் பழகிய செடி. மைனஸ் 20 பாகை அதற்குப் புதிதல்ல. நவம்பர் மழையில் சேறாகிக் கிடக்கும் ஸ்காபரோக் களிமண்தான் அதற்குப் புதிது.

மண்ணைப் பார்ப்பது

ரொறன்ரோவைச் சுற்றிய புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிடுவார்கள். கனரக வண்டிகள் மாதக்கணக்காக அடிமண்ணில் ஓடி அதைத் தார் ரோட்டுப்போல இறுக்கிவிடும். கடைசியில் சில அங்குலம் மேல்மண் பரப்பி, புல்லுச் சுருளை விரித்துவிட்டுப் போவார்கள். மேலே பார்க்கப் பச்சையாக இருக்கும். சவளை இறக்கினால் ஐந்தாறு அங்குலத்தில் "டங்" என்று நிற்கும். ரியூலிப் கிழங்கு குந்தவேண்டிய ஆழம் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தோண்டுவதற்கு முன் ஒரு வேலை. ஒன்ராறியோவில் நிலத்தைத் தோண்ட முன்னர் "ஒன்ராறியோ வன் கோல்" சேவைக்கு அறிவிக்கவேண்டும், இது சட்டம். காசு இல்லை. எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் எங்கே போகின்றன என்று நிறப்பூச்சால் அடையாளமிட்டுத் தருவார்கள். சில வேலைநாட்கள் எடுக்கும் என்பதால் செப்ரெம்பரிலேயே சொல்லிவையுங்கள். தொலைபேசி, கேபிள் வயர்கள் புல்லுக்குக் கீழே கையளவு ஆழத்தில்கூடக் கிடக்கும்.

வடிகாலைச் சோதிக்க, நட நினைக்கும் இடத்தில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீரால் நிரப்பி முற்றாக வடிய விடுங்கள். பிறகு இரண்டாம் தரம் நிரப்பி, ஒரு தடியை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுங்கள். முதல் தடவை இறங்கும் வேகம் ஏமாற்றும். உலர்ந்த மண் குடிக்கிற வேகம் அது. இரண்டாம் தடவையில் மணிக்கு 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் நல்ல இடம். ஒரு அங்குலத்துக்குக் குறைவென்றால் மண்ணைத் திருத்தவேண்டும், அல்லது பாத்தியை உயர்த்தவேண்டும். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் கிழங்கு வைக்காதீர்கள்.

பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். ரொறன்ரோ மாநகரில் கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடாது என்ற விதி இருப்பதால், பல வீடுகளில் அந்தத் தண்ணீர் முன் பாத்தியில்தான் கொட்டுகிறது. மார்ச்சில் கூரைப் பனி உருகும்போது கிழங்கு வாரக்கணக்கில் குளத்தில் கிடப்பதுபோலத்தான். ஒரு நீட்டுக் குழாய் வாங்கிப் பொருத்தி, தண்ணீரைப் பாத்தியைத் தாண்டி விட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

டிரைவ்வே ஓரத்தையும் ஒன்றரை, இரண்டு அடி விட்டுவிடுங்கள். உப்புப் போட்ட பனியைச் சவளால் அள்ளி எறிவது அங்கேதான்.

களிமண்ணைத் திருத்துதல்

களிமண்ணுக்கு மணல் போட்டால் இளகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். களிமண்ணின் குணத்தை மணலால் மாற்றவேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்கவேண்டும். அதற்கு லொறிக்கணக்கில் வேண்டும். நாலைந்து பை போட்டால் மணலுக்கு நடுவே களி நிறைந்து, காய்ந்ததும் செங்கல்லாக நிற்கும். களிமண்ணை இளக்குவது மக்கிய இலைதழைதான். கூட்டெருவில் உள்ள மக்கு, களியின் நுண்துகள்களைச் சின்னச் சின்னக் கட்டிகளாகச் சேர்க்கிறது. அந்தக் கட்டிகளுக்கு இடையில் உண்டாகும் இடைவெளியில்தான் தண்ணீர் இறங்கும், காற்றுப் போகும், வேர் ஓடும்.

அளவு இப்படி. நாலடி அகலம், பத்தடி நீளம் உள்ள ஒரு பாத்திக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் கூட்டெரு பரப்ப ஏறக்குறைய 190 லீற்றர் வேண்டும். 30 லீற்றர்ப் பை என்றால் ஆறு அல்லது ஏழு. கடும் களியாக இருந்தால் மூன்று அங்குலம் பரப்புங்கள்; ஒன்பது, பத்துப் பை ஆகும். இதைப் பரப்பி, தோட்டமுள்ளால் பத்துப் பன்னிரண்டு அங்குல ஆழம் வரை கிளறிக் கலக்கவேண்டும். சவளைவிட நாலு பல் உள்ள தோட்டமுள் நல்லது. சவளின் தட்டை முகம் களியை வழவழவென்று தேய்த்து, தண்ணீர் புகாத சுவர்போல ஆக்கிவிடும்; முள் உடைத்துத்தான் பிரிக்கும்.

கிளறும் நாள்தான் இதில் மிக முக்கியம். ஈரமான களிமண்ணைக் கிளறினால் நீங்கள் போட்ட கூட்டெரு முழுதும் வீண். ஆறங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். பெருவிரலால் குத்தினால் உதிர்ந்து விழுந்தால் இன்றைக்கு வேலை செய்யலாம். விரல் அடையாளம் பதிந்து, பினைந்த மாவுபோல மினுங்கிக்கொண்டு நின்றால் இரண்டு நாள் பொறுங்கள். சனிக்கிழமைதான் லீவு, இன்றைக்குவிட்டால் நேரமில்லை என்று மழைக்கு அடுத்தநாள் கிளறிய பாத்தி, அடுத்த கோடை முழுவதும் கட்டிகட்டியாகக் கிடக்கும்.

அதனால்தான் மண் வேலையையும் நடவையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வேன். செப்ரெம்பரில் மண் உலர்ந்து இதமாக இருக்கும்போது பாத்தியைத் தயார்செய்துவிடுங்கள். கிளறிய மண் பொங்கி நிற்கும். நாலைந்து கிழமையில் தானாக அமர்ந்துவிடும். பிறகு நடும்போது ஆழக் கணக்குத் தவறாது.

வடிகால் சோதனையில் தோற்ற இடத்தில், இருக்கும் மண்ணைக் கிளறி, அதன்மேல் மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து எட்டுப் பத்து அங்குலம் உயர்த்துவதே வழி. பலகை அடித்து அடைக்கவேண்டும் என்றில்லை. விளிம்பைச் சரிவாக விட்டு மேடாக்கினாலே போதும். அடிமண்ணைக் கிளறாமல் மேலே கொட்டினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும்.

சுண்ணாம்பு போடத் தேவையில்லை. இந்தப் பகுதி மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்தது. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏற்கெனவே 7-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அதே காரணம்தான்.

எலும்புத்தூளைக் கிழங்குக்கு அடியில் போடச் சொல்லிப் பழைய புத்தகங்களில் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிலுள்ள பொஸ்பரஸ் அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் நன்றாகக் கரையும். நம்முடைய மண்ணில் அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு அந்த வாடைக்கு ஸ்கங்கும் றக்கூனும் பக்கத்து வீட்டு நாயும் வந்து பாத்தியைக் கிண்டும். முதல் வருடப் பூவுக்கான சாப்பாடு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. பசளை போட விரும்பினால் ஏப்ரலில் முளை இரண்டங்குலம் எழும்பும்போது, மணி மணியான சமநிலைப் பசளையை மேலாகத் தூவுங்கள். அடுத்த வருடக் கிழங்குக்கு அது உதவும். மக்காத மாட்டெருவோ கோழியெருவோ கிழங்கில் படவே கூடாது.

கிழங்கு வாங்குதல்

ரியூலிப்பின் தரம் அதன் சுற்றளவில் இருக்கிறது. பையில் "12/+" என்று போட்டிருந்தால், சுற்றளவு 12 செ.மீ. அல்லது அதற்கு மேல். அதை வாங்குங்கள். விலை மலிவாக ஐம்பது கிழங்கு என்று வரும் பைகளில் பெரும்பாலும் பத்து, பதினொரு செ.மீ. கிழங்குதான் இருக்கும், பூ சிறிதாக வரும், இரண்டாம் வருடம் அனேகமாக வராது.

கையில் எடுத்தால் பாரமாக, இறுக்கமாக இருக்கவேண்டும். மேல்தோல் கழன்றிருந்தால் குறையில்லை. தோலில் நீலப் பூஞ்சணம் லேசாகப் படிந்திருந்தால் துடைத்துவிட்டு நடலாம். அடிவட்டு மெத்தென்று அமுங்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ, எடைக்கு அது வெறுங்கோதுபோல இருந்தாலோ எறிந்துவிடுங்கள். அது பியூசேரியம் என்ற பூஞ்சணத்தின் வேலை. அப்படி ஒரு கிழங்கு பையில் இருந்தால் அது எதிலீன் வாயுவை வெளிவிடும்; பக்கத்தில் இருக்கும் நல்ல கிழங்குகளுக்குள் இருக்கும் அந்தப் பொடிப் பூ உள்ளேயே கருகிவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் இலை வரும், பூ வராது. அப்பிள், வாழைப்பழம் வைத்திருக்கும் இடத்தில் கிழங்கை வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். பழுக்கும் பழம் விடுவதும் அதே வாயு.

நடும்வரை கடதாசிப் பையில், காற்றோட்டமான இடத்தில், குளிர்ச்சியாக வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் வேர்த்து அழுகும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் சின்ன வெங்காயம் மூட்டையாக கராஜிலோ கோல்ட் ரூம் என்ற குளிரறையிலோ இருக்கும். ரியூலிப்பைப்போல வசந்தத்தில் பூக்கும் டஃபோடிலின் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. அதில் உள்ள லைகோரின் என்ற பொருள் கடும் வாந்தியையும் வயிற்று வலியையும் கொண்டுவரும். சமைத்தாலும் நஞ்சு போகாது. பூக்கிழங்கை வெங்காயத்துக்குக் கிட்டவும் வைக்காதீர்கள். பையின்மேல் தமிழிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமையலுக்கு எடுக்கும் பெரியவர்களுக்கு அது விளங்கவேண்டும். ஹையசிந்த் என்ற இன்னொரு வசந்தப் பூவின் கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், அதன் தூசி தோலை அரிக்கும்.

எப்போது நடுவது

ஆறங்குல ஆழத்தில் மண் 15 பாகைக்குக் கீழே இறங்கியபின் நடவேண்டும். அதற்கு முன் நட்டால் சூட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் எல்லாக் கிழங்குக்கும் ஒரே நாள் அல்ல. டஃபோடிலுக்கு வேர் விட நீண்ட காலம் வேண்டும். செப்ரெம்பர் கடைசியிலிருந்து நன்றி கூறும் நாள் வார இறுதிக்குள், அதாவது ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை அளவில், நட்டு முடிப்பது நல்லது. குரோக்கஸ், மஸ்கரி, ஸ்னோட்ரொப் போன்ற பொடிக் கிழங்குகள் சீக்கிரம் காய்ந்துவிடும், அவையும் அப்போதே. வீட்டுப் பூண்டு நடுகிறவர்கள் பல்லைப் பிரித்து நடுவதும் ஒக்ரோபர் நடுப்பகுதியில்தான்.

ரியூலிப்பைக் கடைசிக்கு விடுங்கள். ஒக்ரோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை அதற்குரிய காலம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பும் அந்த நவம்பர் ஞாயிறு நல்ல அடையாளம். மண் குளிர்ந்திருப்பதால் பூஞ்சண நோய் குறையும். அணில்கள் செப்ரெம்பர், ஒக்ரோபரில் வெறிபிடித்ததுபோலத் தீன் புதைத்துத் திரியும். அந்தப் பரபரப்பும் நவம்பரில் தணிந்திருக்கும்.

நடும் முறை

ஆழத்துக்குப் பொதுக் கணக்கு, கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு. ரியூலிப், டஃபோடில், வெங்காய இனப் பூவான பெரிய அலியம் ஆகியவற்றுக்கு ஆறு முதல் எட்டங்குலம். ஹையசிந்துக்கு ஆறு. குரோக்கஸ், மஸ்கரிக்கு மூன்று, நாலு. கடும் களியில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். அதைவிட ஆழம் குறைந்தால் அணிலுக்கு வசதி. அதோடு கோடையில் மண் சுட்டு, கிழங்கு சின்னச் சின்னதாக உடைந்துபோகும்.

கிழங்கு நடவென்று விற்கும் குழாய்க் கருவியையோ, ட்ரில்லில் பூட்டும் திருகையோ களிமண்ணில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். திருகு சுற்றும்போது குழியின் சுவரைக் களி பூசி மெழுகிவிடும். அதற்குள் கிழங்கை வைத்தால் ஒரு கோப்பைக்குள் வைத்ததற்குச் சமம்; மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே போகாது. குழியின் அடி கூராக இருந்தால் கிழங்குக்குக் கீழே வெற்றிடமும் நிற்கும், வேர் காற்றில் தொங்கும். களிக்கு ஏற்றது பாத்திமுறை. இரண்டடிக்கு மூன்றடி என்று ஓர் இடத்தை எடுத்து, எட்டங்குல மண்ணை முழுதாக அள்ளி ஒரு தறப்பாளில் கொட்டுங்கள். அடியில் தோட்டமுள்ளை இறக்கி இன்னும் மூன்று நாலு அங்குலம் இளக்குங்கள். மிதிக்காதீர்கள். கிழங்கைக் கூர்முனை மேலே பார்க்க, லேசாக ஒரு திருகுத் திருகி மண்ணில் அமர்த்துங்கள். ரியூலிப்புக்கு இடைவெளி ஐந்து, ஆறங்குலம். சதுர அடிக்கு நாலைந்து வரும். வரிசையாக ஒற்றை ஒற்றையாக நடவேண்டாம். பத்துப் பதினைந்தாகக் கூட்டி நட்டால்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். எது மேல், எது கீழ் என்று தெரியாத கிழங்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் தண்டு தானே வளைந்து மேலே வந்துவிடும்.

பாதி மண்ணை மூடியபின் அதே பாத்தியில் மேல்வரிசையாகக் குரோக்கஸையும் வைக்கலாம். அது ஏப்ரலில் பூத்து முடிய, அடியிலிருக்கும் ரியூலிப் மேயில் வரும். மீதி மண்ணை மூடி, கையால் தட்டி, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வேர் கிளம்ப இந்த முதல் தண்ணீர் வேண்டும். அதன்பின் மழையே போதும்.

அணில்

ஊரில் முதுகில் கோடு போட்டு ஓடும் சின்ன அணிலை நினைக்காதீர்கள். இங்குள்ள கறுப்பு, சாம்பல் அணில்கள் ஒரு காலையிலேயே முப்பது கிழங்கைக் கிளறிவிடும். அவற்றுக்குப் பிடித்தவை ரியூலிப்பும் குரோக்கஸும். டஃபோடில், ஸ்னோட்ரொப் இரண்டும் நஞ்சு என்பதால் தொடாது. அலியத்தின் வெங்காய வாடையும் பிடிக்காது.

மிளகாய்த்தூள் தூவுவது எங்கள் வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை. ஒரு மழையோடு அது போய்விடும். நிற்கும் நாட்களில் மிருகங்களின் கண்ணை எரிக்கும். நிச்சயமான வழி கோழிக்கூட்டு வலை. ஓர் அங்குலக் கண் உள்ள வலையைப் பாத்தியின்மேல் விரித்து, விளிம்பில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கம்பிக் கொக்கி குத்தி, மேலே ஓர் அங்குல மண் தூவுங்கள். முளை அந்தக் கண்ணுக்குள்ளால் வரும். ஆனால் தடித்த ரியூலிப் இலை சில இடங்களில் சிக்கும் என்பதால் மார்ச் கடைசியில் முளை தலைகாட்டியதும் தூக்கிவிடுவது நல்லது.

நட்டு முடிந்ததும் உதிர்ந்த கிழங்குத் தோல், கடதாசித் துண்டு எதையும் மண்ணில் விடாதீர்கள். அந்த வாடையும், புதிதாகக் கிளறிய மண்ணின் தோற்றமும்தான் அணிலைக் கூப்பிடுகின்றன. தோலைப் பொறுக்கி எடுத்து, மண்ணைச் சமன் செய்து, நனைத்துவிட்டால் பாதி ஆபத்து குறையும்.

நட்டபின்

மூடாக்குப் போட அவசரப்படாதீர்கள். டிசம்பரில் மேல்மண் கல்லாக உறைந்தபின் இரண்டு அங்குலம் இலைத்தூள் போடுங்கள். கிழங்கைச் சூடாக வைத்திருப்பதற்கு அல்ல இது. ஜனவரியில் இரண்டு நாள் வெயிலடித்து உருகி, மறுபடி உறையும்போது மண் பொங்கிக் கிழங்கை மேலே தள்ளும். அதைத் தடுக்கத்தான் மூடாக்கு. மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் தோல்போல மூடிவிடும். புல்லு வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டி நொருக்கிப் போடுங்கள்.

தெற்குச் சுவரோரம் பெப்ரவரியிலேயே முளை எட்டிப் பார்க்கும். பயப்படவேண்டாம். இலை நுனி கருகும். மொட்டு இன்னும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

சாடியில் நடுவது வேறு கணக்கு. நிலத்தில் கிழங்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் மண் இருக்கிறது. வெளியில் வைத்த சாடியில் நாலு பக்கத்தாலும் உறைபனி ஏறி, உருகி, மறுபடி உறையும். கிழங்கு கூழாகும், மண்சாடி வெடிக்கும். சூடேற்றாத கராஜில், அல்லது வாசற்படிக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூமில் வையுங்கள். மாதம் ஒருமுறை மண் முற்றாகக் காயாத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர். குளிர்ந்த நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். 14, 15 கிழமை ஆனதும் வெளியே எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இதே கிழங்கை நட்டால் ஏன் பூப்பதில்லை என்பதற்கும் பதில் இதுதான். அந்தக் குளிர் கிடைக்காமல் கிழங்கிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறாது, பூத்தண்டும் நீளாது.

இரண்டாம் வருடம்

ஒட்டாவாவில் மே மாதம் பூக்கும் ரியூலிப்பைப் பார்க்காத கனடாத் தமிழ்க் குடும்பம் குறைவு. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா அங்கே தஞ்சமிருந்தார். 1943 ஜனவரியில் அவருடைய மகள் இளவரசி மார்கிரீட் அங்கே பிறந்தார். அந்த நன்றிக்கு 1945-ல் ஒரு லட்சம் கிழங்குகள் நெதர்லாந்திலிருந்து வந்தன. இன்றும் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. அந்தப் பூந்தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, நம்முடைய ரியூலிப் மட்டும் ஏன் இரண்டாம் வருடம் இளைத்துப்போகிறது என்று பலர் மனம் வருந்துகிறார்கள். அங்கே பூத்து முடிந்ததும் கிழங்கைக் கிண்டி எடுத்துவிட்டு, இலையுதிர்காலத்தில் புதுக் கிழங்கு நடுகிறார்கள். ரியூலிப் கிழங்கு பூத்தபின் கரைந்துபோய், அதன் இடத்தில் நாலைந்து பிள்ளைக் கிழங்குகள் வரும். அவற்றில் பெரியது போதிய சுற்றளவை எட்டாவிட்டால் பூ வராது. அகலமாக ஒற்றை இலை மட்டும் வரும். அந்த ஒற்றை இலையைக் கண்டால் விளங்கிக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்பப் பூக்கவேண்டுமென்றால் டார்வின் ஹைபிரிட் வகை, அல்லது குட்டையான காட்டு ரியூலிப் வகைகளான தார்டா, குளூசியானா ஆகியவற்றை நடுங்கள். பூ வாடியதும் காய் பிடிக்காமல் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். இலையைத் தொடாதீர்கள், ஆறு கிழமை, அது தானாக மஞ்சளாகிச் சாயும்வரை. அடுத்த வருடக் கிழங்கைக் கட்டுவது அந்த இலைதான்.

எங்கள் வீடுகளில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். மே மாதத்தில் வரும் விக்ரோறியா தினம் கழிந்ததும் கத்தரி, மிளகாய், பாகல், வெண்டி எல்லாம் நிலத்துக்குப் போகவேண்டும். ரியூலிப் இலை ஜூன் நடுப்பகுதிவரை கிடக்கும். பொறுமையில்லாமல் இலையை வெட்டிவிட்டு மரக்கறி நட்டு, கோடை முழுவதும் தினமும் தண்ணீர் விட்டால், உலர்ந்து உறங்கவேண்டிய கிழங்கு அழுகிவிடும். மரக்கறிப் பாத்தியில் ரியூலிப் வேண்டாம். பின்வளவு மரக்கறிக்கு, முன்முற்றம் கிழங்குக்கு என்று பிரித்துவிடுங்கள். முன்னால் இடமில்லை, மரக்கறிப் பாத்தி மட்டும்தான் என்றால், ரியூலிப்பை ஒரு வருடப் பூவாக எண்ணி மேயில் கிளறி எடுத்துவிடலாம்.

டஃபோடில் அப்படி அல்ல. நட்ட இடத்தில் வருடாவருடம் பெருகும். நாலைந்து வருடத்தில் நெருக்கமாகிப் பூ குறைந்தால், இலை மஞ்சளான ஜூன் கடைசியில் கிளறிப் பிரித்து நடுங்கள். அப்போது ஏதாவது ஒரு கிழங்கு மெத்தென்று இருந்து, வெட்டிப் பார்க்க உள்ளே கொழுத்த புழு ஒன்று தனியாகக் கிடந்தால், அது டஃபோடில் ஈயின் புழு. அந்தக் கிழங்கை அழித்துவிடுங்கள், கூட்டெருக் குவியலில் போடாதீர்கள்.

ரியூலிப் முளை முறுக்கி, தீயில் வாட்டியதுபோலப் பழுப்பாக வந்தால் அதுவும் ஒரு பூஞ்சணம். கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போட்டு, அந்த இடத்தில் மூன்று வருடம் ரியூலிப் நடாமல் விடுங்கள்.

கிழங்குப் பையை கராஜில் வைத்து மறந்து, டிசம்பரில் கண்டெடுப்பதும் நடக்கிறது. அடுத்த வருடத்துக்கென்று எடுத்துவைத்தால் அது காய்ந்து சருகாகிவிடும். மேல்மண் ஓரிரண்டு அங்குலம்தான் உறைந்திருந்தால் அலவாங்கால் ஓட்டை உடைத்து, கீழேயுள்ள இளகிய மண்ணில் அன்றைக்கே நட்டுவிடுங்கள். தண்டு குட்டையாக இருந்தாலும் பூ வரும். முற்றாக உறைந்துவிட்டால் சாடியில் வைத்துக் கோல்ட் ரூமுக்கு அனுப்புங்கள். அதற்கும் இடமில்லையா, உறைந்த பாத்தியின்மேல் கிழங்கைப் பரப்பி, பையில் விற்கும் தோட்டமண்ணை ஆறங்குலம் மேலே கொட்டி, கோழிவலையை விரித்துக் கல் வைத்துவிடுங்கள்.